பெட்ரோல் தீரவில்லை

அத்தியாயம் 9

"இதுல ஒரு டிக் அடிச்சிட்டா வேலை முடிஞ்சிது. உனுக்கு இன்னா கஷ்டம்?"

மாமனார் கண்ணாயிரம் குரலை உயர்த்தவில்லை. கச்சிராயபாளையம் கடைவீதியில் இருந்த அந்தச் சின்ன இ-சேவை மையத்தில் அப்போது நாலு பேர் காத்திருந்தார்கள். அதனால் மேஜைமேல் குனிந்து, மணிமொழிக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

அவர் மஞ்சள் பையிலிருந்து எடுத்து வைத்தது மகன் அய்யப்பனின் ஓட்டுநர் உரிமம். பதினெட்டு வயதில் வாங்கியது. இருபது வருஷம் முடிந்து, போன வாரம் காலாவதியாகியிருந்தது. கூடவே ஆதார் நகல், இரண்டு போட்டோ. புதுப்பிக்கிற படிவத்தை மணிமொழி ஏற்கெனவே கணினியில் திறந்துவிட்டாள். பெயர், தகப்பனார் பெயர், விலாசம் எல்லாம் தட்டியாயிற்று. கை நின்றது உடல்நிலை பற்றிய உறுதிமொழியில்தான்.

வலிப்பு நோயோ, திடீரென்று நினைவு தப்புவதோ, தலைசுற்றலோ உண்டா? ஆம், இல்லை.

நாலு வருஷமாக இந்த மேஜையில் உட்கார்ந்திருக்கிறாள். எத்தனை பேருக்கு இந்தக் கேள்விக்கு 'இல்லை' போட்டிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. ஒருத்தரையும் கேட்டதில்லை. கேட்கிற வழக்கம் யாருக்கும் இல்லை.

"மாமா, இதுல பொய் எழுதக் கூடாது."

"எல்லாருக்கும் நீ கேட்டுட்டா எழுதற?"

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

"வூட்டுக்காரனுக்கு மட்டும் இன்னா புதுசா சட்டம் பேசற? லைசென்ஸ் இல்லாம எங்கனா புடிச்சா அசிங்கம். அவனும் எத்தினி நாளைக்கு மோட்டு வளையைப் பாத்துக்கினு படுத்துக் கெடப்பான்?"

ஆறு வாரத்துக்கு முன் கோமுகி அணைத் திருப்பத்தில் அய்யப்பன் வண்டியோடு விழுந்தான். ரோட்டில் மணல், சறுக்கிவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஹெல்மெட் இருந்ததால் தோள்பட்டையோடு போயிற்று. அவன் எப்போதும் ஹெல்மெட் போடுகிறவன். நாற்பதுக்கு மேல் முறுக்கமாட்டான். மகள் எழில்மதிக்குக் கூட ஒரு சின்ன ஹெல்மெட் வாங்கி வந்து, தெருவே சிரித்தபோதும் அதை மாட்டித்தான் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப்போனான். அப்படிப்பட்டவன் மணலில் எப்படி விழுந்தான் என்று மணிமொழிக்கு அப்போதே ஒரு நெருடல்.

பதினெட்டு நாளைக்கு முன், கொல்லையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவன் விறைத்துச் சாய்ந்தான். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயில் நுரை. கள்ளக்குறிச்சி டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, அணைத் திருப்பத்திலும் இதுதான் நடந்திருக்கும் என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒரு வருஷம் வலிப்பே வராமல் இருந்தால் அப்புறம் பார்க்கலாம், அதுவரை வண்டியைத் தொடவே கூடாது என்றார்.

அன்றைக்கே மணிமொழி வண்டிச் சாவியை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

ஏன் என்று வெளியே சொல்லத்தான் முடியவில்லை. அய்யப்பனின் தங்கை தனுஷாவுக்குச் சங்கராபுரத்தில் ஜீவா என்ற மாப்பிள்ளையைப் பேசி, பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வலிப்புக்காரன் குடும்பம் என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் போதும் என்று மாமியார் கொளஞ்சியம்மாள் அழுதாள். கல்யாணம் முடியும் வரை மூச்சு விடக் கூடாது. மணிமொழியும் தலையாட்டினாள். அதற்குக் கிடைத்த பலன், புருஷனின் வண்டியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு அவனை வீட்டோடு முடக்கிப்போட்டவள் என்ற பெயர். பால் ஊற்ற வருகிறவர்கூட, "இன்னாம்மா, அய்யப்பனுக்கு எப்ப விடுதலை?" என்று கேட்கிறார்.

"நான் எழுத மாட்டேன் மாமா. வேற எங்கனா குடுத்து எழுதிக்குங்க."

கண்ணாயிரம் அவளையே பார்த்தார். பிறகு காகிதங்களைப் பையில் திணித்தார். கரும்பு வெட்டி வெட்டிக் காய்த்த விரல்கள், ஒரு போட்டோ கீழே விழுந்ததை எடுக்கத் தடுமாறின. அவள் குனிந்து எடுத்துக் கொடுத்தாள்.

"நீ படிச்சவ" என்றார். அதைத் திட்டு மாதிரிதான் சொன்னார்.

சாவியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தினமும் கேட்கிறவர் இன்றைக்கு ஏன் கேட்கவில்லை என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

உறைத்தது பன்னிரண்டு மணிக்கு, தனுஷா போன் செய்தபோது.

"அண்ணி, அண்ணன் வண்டிய எடுத்துக்கினு பூடுச்சி."

"சாவி எங்கிட்ட இருக்குதே."

"இன்னொரு சாவி அப்பா பொட்டியில இருந்துச்சாம். காலையில அப்பாதான் குடுத்துருக்காரு. மலைமேல கரியாலூர்ல யாருக்கோ டிவி டிஷ் மாத்தணுமாம். அண்ணி, பாப்பாவையும் ஏத்திக்கினு போயிருக்கு. பரீட்சை பதினோரு மணிக்கே முடிஞ்சிடுச்சாம். பள்ளிக்கூடத்துல இருந்து அப்பிடியே கூட்டிக்கினு பூடுச்சி. அருவி காட்டறேன்னு சொல்லிச்சாம்."

மணிமொழி எழுந்துவிட்டாள். அய்யப்பனுக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள். வண்டி ஓட்டும்போது அவன் போனை எடுக்கவே மாட்டான். வீட்டில் நெருப்பே பிடித்தாலும் ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் எடுப்பான். அந்த நல்ல பழக்கத்தின்மேல் அவளுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. நாலாவது முறை போட்டபோது தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மலை ஏறிவிட்டான்.

காத்திருந்தவர்களிடம் என்ன சொன்னாள் என்று ஞாபகமில்லை. வெள்ளிமலை பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்ப் பிடித்தாள்.

இடதுபக்க ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பள்ளம் அந்தப் பக்கம்தான். கோமுகி அணை கடந்து பஸ் மலையேறத் தொடங்கியதும், ஒவ்வொரு திருப்பத்திலும் தடுப்புச் சுவருக்கு அப்பால் எட்டிப் பார்த்தாள். சுவர் இடிந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு மூடியதற்காகத் தன்னையே கடிந்துகொண்டு திரும்பிப் பார்த்தாள். மூங்கில் புதரும் பாறையும்தான் இருந்தன.

எழில்மதிக்கு ஒன்பது வயது. முன்னால் உட்காரவைத்திருப்பானா, பின்னாலா? பின்னால் என்றால் இடுப்பைப் பிடித்திருப்பாள். அவன் விறைத்தால் அவள் என்ன செய்வாள்?

எதிரே இரண்டு பையன்கள் ஹெல்மெட் இல்லாமல், ஒருத்தன் போனில் படம் எடுத்தபடி பறந்து வந்தார்கள். பஸ் டிரைவர் அவர்களைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். இவர்களைக் கண்டால் யாரும் திட்டலாம். ஹெல்மெட் மாட்டி, ஓரமாக, மெதுவாகப் போகிற அய்யப்பனை யார் திட்டுவார்கள்? அவனைப் பார்த்தால் எல்லோரும் நல்ல ஆள் என்றுதான் சொல்வார்கள்.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். ஒரு வளைவில் சிவப்பு வண்டி தெரிந்தது. ஏணியைக் கட்டிய வண்டி. நிமிர்ந்துதான் நின்றுகொண்டிருந்தது.

"நிறுத்துங்கண்ணா."

"இங்க ஸ்டாப்பிங் இல்லம்மா" என்றார் கண்டக்டர்.

"என் பொண்ணு அங்க நிக்குது. நிறுத்துங்க."

அவள் இறங்கினாள். பஸ் புகை விட்டுக்கொண்டு மேலே போயிற்று. சிறுபாலத்துச் சுவரில் அய்யப்பன் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு எட்டடி தள்ளி, ஹெல்மெட்டைக் கழற்றாமல், எழில்மதி நின்றிருந்தாள். வலது கை இறுக மூடியிருந்தது.

"நீ எதுக்கு வேலையை வுட்டுட்டு வந்த?" என்றான் அய்யப்பன்.

மணிமொழி மகளிடம் போனாள். எழில்மதி விரலைத் திறந்து காட்டினாள். சாவி. பதிந்த தடம் உள்ளங்கையில் சிவந்திருந்தது.

"அப்பா, கையில பூச்சி ஊர்ற மாதிரி இருக்குன்னு சொல்லிச்சும்மா. ஓரமா நிறுத்திச்சு. நான் சாவியை எடுத்துக்கினேன்."

"அரை மணி நேரமா குடுக்க மாட்டேங்கறா" என்றான் அய்யப்பன். சிரிக்கப் பார்த்தான். "ஒண்ணும் இல்ல. தண்ணி குடிச்சேன், சரியாப் பூடுச்சி. வர்றதுக்கு முந்தியே எனுக்குத் தெரியுது மணி. தெரிஞ்ச ஒடனே நிறுத்திட்டேன் இல்ல? ஹெல்மெட் போட்டுக்கினு, முப்பதுலதான் வந்தேன். அவளையே கேளு."

"கோமுகி கிட்ட தெரிஞ்சிதா?"

அவன் ரோட்டைப் பார்த்தான்.

"கொல்லையில பல்லு வெளக்கும்போது தெரிஞ்சிதா?"

"அது அப்போ. இப்போ மாத்திரை சாப்புடறேன்."

"இல்லம்மா" என்றாள் எழில்மதி. "அப்பா மாத்திரை சாப்பிடறதில்ல. தூக்கம் தூக்கமா வருதுன்னு சன்னல் வழியா வெளிய போடுது. புதன்கிழமைகூட வந்துச்சி. மோட்டார் கொட்டாய்ல. நீ வேலைக்குப் போயிருந்த. தாத்தாவும் ஆயாவும் புடிச்சிக்கினாங்க. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு ஆயா சொல்லிச்சி."

மணிமொழிக்கு முதலில் அது புரியவே இல்லை. புதன்கிழமை. இன்றைக்குச் சனி. அவர்களுக்காகத்தானே ஊர் வாயில் எல்லாம் விழுந்தாள். வெளியே சொல்லாதே என்றார்கள், சொல்லவில்லை. அவளிடமே சொல்லாமல் இருக்கலாம் என்று அவர்கள் மூன்று பேருமாக முடிவு செய்திருக்கிறார்கள். இந்தக் குழந்தையையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். அதற்கு மேல் இன்று காலையில் மாமனார் மேஜைமேல் குனிந்து, ஒரு டிக் அடிச்சிட்டா வேலை முடிஞ்சிது என்றாரே, அவருக்குப் புதன்கிழமை நடந்தது தெரியும். மோட்டார் கொட்டாயில் மகனின் காலைப் பிடித்துக்கொண்டவர் அவர்.

"நீங்க செத்தா நான் அழுவேன்" என்றாள் அய்யப்பனிடம். "அது எனக்கும் உங்களுக்கும் உள்ளது. இவளை எதுக்கு ஏத்தனீங்க? எதிர்ல ஒருத்தன் பொண்டாட்டி புள்ளையோட வருவான். அவனுக்கு உங்க கையில பூச்சி ஊர்றது தெரியுமா?"

"அப்போ நான் இன்னா பண்ணட்டும் சொல்லு." அவன் எழுந்து நின்றான். கண் கலங்கியிருந்தது. "மேல நாப்பது அம்பது வூட்டுல என்னைத்தான் கூப்புடறாங்க. மழை அடிச்சி எல்லா டிஷ்ஷும் திரும்பிக் கெடக்குது. ஏணியைத் தூக்கிக்கினு பஸ்ஸுல ஏற முடியுமா? நான் போவலன்னா சேராப்பட்டுல இருந்து இன்னொருத்தன் வருவான். ஒரு வருஷம் கழிச்சி நான் யாரு? இருவது வருசமா ஒருத்தன்மேல மோதனது கெடையாது, ஒரு கேஸு கெடையாது. குடிச்சிட்டு ஓட்டறவன்லாம் ஓட்டறான். நான் மட்டும் வூட்டுல பாத்திரம் கழுவிக்கினு ஒக்காரணும். இன்னா நாயம் இது?"

நியாயம் இல்லைதான். அது மணிமொழிக்கும் தெரிந்தது. தெரிந்து என்ன செய்வது? மகள் கையிலிருந்த சாவியை வாங்கிக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். அடுத்த பஸ் கீழே போக ஒன்றரை மணி நேரமாகும்.

மூன்று பேரும் சுவரில் வரிசையாக உட்கார்ந்தார்கள். எழில்மதி நடுவில் ஒருமுறை, "அருவி இன்னும் தூரமாப்பா?" என்று கேட்டாள்.

அரை மணி நேரத்துக்குப் பிறகு மேலிருந்து ஒரு சின்ன லோடு வண்டி வந்தது. கரியாலூரில் சிமெண்ட் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிற வண்டி. ஓட்டி வந்த வீரமணி அவர்கள் ஊர்தான், அடுத்த தெரு. பிரேக் போட்டுத் தலையை நீட்டினார்.

"இன்னா அய்யப்பா, குடும்பத்தோட ஒக்காந்துட்ட?"

"பெட்ரோல் தீந்துடுச்சிண்ணா" என்றான் அய்யப்பன். யோசிக்காமல் வந்தது.

"அவ்ளோதானே. எங்கிட்ட கேன்ல ரெண்டு லிட்டரு இருக்குது." வீரமணி இறங்கி, சீட்டுக்குப் பின்னாலிருந்து வெள்ளைக் கேனை எடுத்துவிட்டார். "ஊத்திக்கினு கெளம்பு. சாவி குடு, மூடியைத் தொறக்கறேன்."

அய்யப்பன் அசையவில்லை. மணிமொழி அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் சொல்லவேண்டும் என்று பார்த்தாள். பெட்ரோல் இருக்கிறது, வேறு காரணம் என்று அவன் வாயால் ஒரு வார்த்தை வந்தால் போதும். அவன் அவளைப் பார்த்தான், வேண்டாம் என்று கெஞ்சுகிற பார்வை. வீரமணி கேனைத் தூக்கிக்கொண்டு வண்டிப் பக்கத்தில் நின்றார். கை நீட்டியபடியே நின்றார்.

"இன்னா தங்கச்சி, சாவி உங்கிட்டயா?"

எழில்மதி அம்மாவின் புடவையைப் பிடித்தாள்.

"பெட்ரோல் இருக்குதுண்ணா" என்றாள் மணிமொழி. "தீரல. அவருக்கு வலிப்பு வருது. மூணு தடவை வந்துடுச்சி. வண்டி ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

சொல்லிவிட்டாள். மலை அப்படியேதான் இருந்தது. அய்யப்பன் பள்ளத்துப் பக்கம் திரும்பிக்கொண்டான். வீரமணி கேனைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு வந்தார்.

"வண்டியைப் பின்னால ஏத்திக்கலாம்" என்றார். "ஒரு கை புடி அய்யப்பா."

இருவருமாகத் தூக்கி ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினார்கள். அய்யப்பன் முன்னால் வரவில்லை. பின்னால் வண்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். விழுந்துவிடப் போகிறான் என்று மணிமொழி சொன்னதும், இறங்கிவந்து முன் சீட்டில் நெருக்கிக்கொண்டான். எழில்மதி அவன் மடியில் ஏறி உட்கார்ந்தாள்.

வண்டி கோமுகி அணையைத் தாண்டியது. அப்புறம் வீரமணி ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"டீக்கடையில ஒரு வாரமா ஒன்னைத்தான் திட்டிக்கினு இருந்தோம் தங்கச்சி. நான்தான் ஜாஸ்தி."

மணிமொழிக்கு அழுகை வந்தது. அவர் வருத்தம் தெரிவிக்கிறார் என்று புரிந்தது. அதனாலேயே எரிச்சலும் வந்தது.

வீடு வந்து சேர்ந்தபோது மணி மூணு. வாசலில் வண்டியை இறக்கினார்கள். கண்ணாயிரமும் கொளஞ்சியம்மாளும் வெளியே வந்தார்கள். வீரமணி நல்ல மனசோடுதான் சொன்னார், "பெரியப்பா, வைத்தியத்தை வுட்றாதீங்க. இதெல்லாம் இப்போ சரி பண்ணிடறாங்க." சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கொளஞ்சியம்மாள் கதவைச் சாத்தினாள்.

"சொல்லிட்டியா" என்றாள் மருமகளிடம். "தெருவெல்லாம் சொல்லிட்டியா. ராத்திரிக்குள்ள சங்கராபுரம் போயிடும். ஒரு பொண்ணோட வாழ்க்கை. உன் வயித்துலயும் ஒண்ணு பொறந்துருக்குதே, அதை நெனைச்சியா?"

"அதை நெனைச்சிதான் அத்தை சொன்னேன். அது அவர் பின்னாடி ஒக்காந்திருந்துச்சி."

பிறகு மாமனாரிடம் திரும்பினாள். அவர் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து தன் காய்த்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, புதன்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சிதான் சாவி குடுத்தீங்களா? தெரிஞ்சிதான் எங்கிட்ட அந்தப் பேப்பரைக் கொண்டாந்தீங்களா?"

கண்ணாயிரம் நிமிரவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லுங்க மாமா."

"அவன் அழுதான்" என்றார் கண்ணாயிரம். "நேத்து தனியா ஒக்காந்து அழுதான். நான் பெத்தவன். எனுக்கு வேற இன்னா குடுக்கறதுன்னு தெரியல."

அய்யப்பன் அதைக் கேட்டுவிட்டு உள்ளறைக்குப் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டான்.

இத்தனை நேரமும் அடுப்படி நிலையில் சாய்ந்து நின்ற தனுஷா அப்போதுதான் முன்னால் வந்தாள்.

"எல்லாரும் என் பேரைச் சொல்லிச் சொல்லித்தான் மறைச்சீங்க. என்னை ஒருத்தராச்சும் கேட்டீங்களா?"

"நீ சும்மா இரு" என்றாள் கொளஞ்சியம்மாள்.

"பாப்பாவ ஏத்திக்கினு அண்ணன் மலைக்குப் பூடுச்சின்னு தெரிஞ்சப்ப நீங்க ரெண்டு பேரும் சாமி கும்புட்டுக்கினு ஒக்காந்தீங்க. எனுக்கு மனசு தாங்கல. அண்ணிக்கு போன் பண்ணேன். அப்பால அவருக்கும் பண்ணேன்."

"எவருக்கு?"

"ஜீவாவுக்கு. எல்லாத்தையும் சொல்லிட்டேன். அணையில வுழுந்தது, கொல்லையில வுழுந்தது, புதன்கிழமை, எல்லாம்."

கொளஞ்சியம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மணிமொழி தனுஷாவையே பார்த்தாள். புதன்கிழமை நடந்தது இவளுக்கும் தெரிந்திருக்கிறது. இந்த வீட்டில் தெரியாதவள் அவள் ஒருத்திதான். கோபப்பட வேண்டும் என்று தோன்றியது. அதற்கும் தெம்பில்லை.

"மாப்பிள்ளை இன்னா சொன்னாரு?" என்று கேட்டார் கண்ணாயிரம்.

"ஒண்ணும் சொல்லல. சரின்னுட்டு வச்சிட்டாரு. மூணு மணி நேரமாச்சி. அப்பால பேசல."

எழில்மதி சோறு போடச் சொல்லி அம்மாவின் கையை இழுத்தாள். காலையில் இட்லி தின்றதோடு சரி, அப்புறம் அந்தக் குழந்தை எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. மணிமொழி அடுப்படிக்குள் போய்த் தட்டை எடுத்தாள். சோற்றைப் போட்டுக் குழம்பு ஊற்றும்போது தனுஷாவின் போன் அடித்தது.

தனுஷா பேரைப் பார்த்தாள். எடுத்துக் காதில் வைத்தாள். ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். நடுவில் இரண்டு முறை, "ஆமாங்க" என்றாள். அப்புறம், "இல்லீங்க, எங்க வூட்டுல யாரும் சொல்லச் சொல்லல" என்றாள்.

கண்ணாயிரம் கட்டிலிலிருந்து எழுந்து நின்றிருந்தார். உள்ளறைத் தாழ் மெல்ல விலகுகிற சத்தம் கேட்டது.

தனுஷா அடுப்படி வாசலுக்கு வந்து போனை நீட்டினாள். அவள் முகத்தில் எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அண்ணி, உங்ககிட்டதான் பேசணுமாம். வேற யார்கிட்டயும் குடுக்காதன்னு சொல்றாரு."

மணிமொழி குழம்புக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள்.